மரத்தை அணைத்து நிற்பது

லிங்கராஜபுரம்,
பெங்களூர்.
9.3.1998

அன்புள்ள பிரிஜெட்,

கூடத்துச் சாப்பாட்டு மேஜையைச் சுவரோரமாகத் தள்ளுவதென்று சென்ற மாதம் இந்த வீட்டில் தீர்மானிக்கப்பட்டது. நீ மஸ்கட்டில் இருப்பதால் எதிர்ப்பின்றி நிறைவேறியது. பிரசவத்துக்குப் பின் நம் மகள் வீணா நன்றாகத் தேறிவிட்டாளா? பேரனுக்குத் தாத்தாவின் மூக்கு என்று எழுதியிருந்தாய். வருந்துகிறேன்.

மேஜை நகர்ந்ததற்குக் காரணம் உண்டு. சிவாஜிநகர் நடைபாதையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். சீனத்துத் தாவோ துறவிகள் உடம்புக்குள் சக்தியைச் சேர்த்த விதத்தைப் படத்தோடு சொல்கிறது. முழங்காலைச் சற்று மடக்கி, பெரிய மரம் ஒன்றை அணைப்பதுபோல் கைகளை முன்னால் வளைத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, அசையாமல் நிற்க வேண்டும். பாதியில் பேசினால் சக்தி தலைக்கு ஏறிவிடுமாம். அடிவயிற்றில் சூடு தெரிந்தால் வெற்றி.

எனக்கு முட்டிவலிதான் தெரிந்தது. ஆகவே ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் இதைச் சொல்லித்தரும் சீனிவாசராகவனிடம் போனேன். வங்கி வேலையில் கல்கத்தாவில் இருந்தபோது ஒரு சீனரிடம் கற்றவர். மூச்சை இழுத்தால் வயிறு உப்ப வேண்டும் என்கிறது புத்தகம். ஒட்ட வேண்டும் என்கிறார் அவர். எது சரி என்று கேட்டேன். "முதல்ல புஸ்தகத்தை மூடுங்கோ சார், அப்புறம் வாயை" என்றார். பாதியை நீ முப்பது வருடமாகச் சொல்லி வருகிறாய்.

வேலைக்கு வரும் முத்தம்மா என்னைச் சுற்றிப் பெருக்குகிறாள். "மரம்னா இலையாச்சும் கொட்டும், இது சும்மா நிக்குது" என்கிறாள்.

இனி உன் தம்பி விஷயம். நானும் உத்தமனும் சமாதானம் ஆகும்வரை திரும்பமாட்டேன் என்று எழுதி, விசாவையும் நீட்டித்துக்கொண்டாய். மாடி அவனுக்கு, கீழ்த்தளம் உனக்கு என்று உன் அப்பா பிரித்துக்கொடுத்தார். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஒன்று, அதில் உறிஞ்ச மோட்டார் இரண்டு. மீதி உனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காவிரித் தண்ணீர் வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கூடத்தில் மரத்தை அணைத்து நின்றேன். வழக்கமாகப் படியில் நின்றே கத்துகிறவன் அன்று உள்ளேயே வந்துவிட்டான். "மாமா, நீங்க உறியற உறியில என் தொட்டிக்குக் காத்துதான் வருது! மனுசனா நீங்க?" என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. நாக்கு அண்ணத்தில் இருந்தது.

இந்த வீட்டில் முதல்முறையாக என்னிடமிருந்து அவனுக்குப் பதில் வரவில்லை. வசவு தீர்ந்ததும் சரியாகப் பார்த்தான். என் இரு கைகளும் அவன் பக்கம் வளைந்திருந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன.

"என்ன மாமா... நீங்களா?" என்றான். நேராக வந்து, மரம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அழுதான்.

அடிவயிற்றில் சூடு தெரியவில்லை. பனியனின் தோள் நனைந்தது. அதுபற்றிப் புத்தகத்தில் குறிப்பு இல்லை. பயிற்சி நேரம் முடிந்த பிறகும் நான் கைகளை எடுக்கவில்லை.

அவை யாருக்காக வளைந்திருந்தன என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. இப்போது காலைக் காப்பிக்குக் கீழே வருகிறான். சர்க்கரை போதவில்லை என்கிறான். நீ இருந்தால் சரியாகப் போடுவாய்.

வந்துவிடு. மேஜையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடலாம். பேரன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிட்டுக் கிளம்பு. ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
ஜெயராஜ்

பி.கு.: மோட்டார்களில் ஒன்றை நேற்றுக் கழற்றியாயிற்று. கழற்றியது நம்முடையது.