புதுப்பானையில் வைத்த தண்ணீர்

இன்று காலை ஆய்வுகூடத்தில் புதுக் கரைசல் கலக்கினேன். போத்தல் மூடியைத் திறந்ததும் அந்த வினாகிரி மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. "ஆருக்கடி அச்சாறு போடுறாய்?" என்று வாசலில் நின்று நீ கேட்பாய் என ஒரு கணம் உண்மையாகவே காத்திருந்தேன். நீ கண்மூடி ஒரு மாரிகாலம் கழிந்துவிட்டது. இந்த மூக்குக்கு அது இன்னும் விளங்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான், சொல்லிவிடுகிறேன். டெங்கு என்று ஆசுபத்திரியில் படுத்துக்கொண்டு, "திங்கட்கிழமை வந்திடுவன், என்ர மின்வாயைக் காயவிட்டிடாதை" என்று ஆய்வுகூட இயந்திரத்துக்காகப் போனில் உத்தரவு போட்டாய். நான் காயவிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போனவள் நீதான். உன்னோடு சண்டை பிடிக்கக்கூட இப்போது எனக்கு வழியில்லை.

வவுனியாவில் இந்தத் தண்ணீர் ஆய்வுகூடத்தில் நாமிருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் முல்லைத்தீவுக் கரையில் வலை காயும் வாசலில் வளர்ந்த கிறிஸ்தவப் பெட்டை. நீ துணுக்காய்ப் பக்கத்தில் வயல் செய்த முஸ்லிம் கமக்காரர் வீட்டுப் பிள்ளை; சிறுவயதில் போரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவள். முதல் நாளே எனக்குக் "கடல்காரி" என்று பெயர் வைத்துவிட்டாய். "கடல்காரிக்கு நல்ல தண்ணியின்ர அருமை தெரியுமோ?" என்று சீண்டிவிட்டுச் சிரிப்பாய். சிரிக்கும்போதெல்லாம் கை வாயைப் பொத்திக்கொள்ளும். வெட்கம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கையில் சோறு இருந்ததால் பொத்த முடியாமல் போனது. அப்போதுதான் உன் முன்பற்களில் மண்ணிறக் கோடுகளைக் கண்டேன். நான் பார்த்ததை நீயும் பார்த்துவிட்டாய்.

"புத்தளத்துச் சவர்த் தண்ணி செய்த வேலை. உம்மா இண்டைக்கும் அந்தத் தண்ணியைத் திட்டுவா" என்றாய்.

பிறகு அந்த இயந்திரம் வந்தது. ஒரு சின்னப் பம்பி, மெல்லிய குழாய்கள், முடிவில் தண்ணீரில் கரைந்திருப்பதை மின்சாரத்தால் உணரும் ஒரு மின்வாய், பக்கத்தில் ஒரு திரை. கரைசல் குழாய்க்குள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற அதற்குள் கிணற்றுத் தண்ணீரைத் துளியளவு ஊசியால் விடுவோம். துளி ஓட்டத்தோடு போய் மின்வாயைத் தொட்டதும் திரையில் கோடு எழும்பும். துளி கடந்து போனதும் கீழே வரும். எவ்வளவு எழும்பியது என்பதை வைத்து அந்தக் கிணற்றில் எவ்வளவு புளோரைட்டு என்று சொல்லிவிடலாம். ஊரூராக வந்த போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் போயின. அவசரப்படுவது நான். "பொறடி, முதல் வந்தவர் வெளியில போகட்டும். கோடு தரைக்கு வந்தாப் பிறகு மற்றவரைக் கூப்பிடு" என்று என் கையைத் தட்டிவிடுவது நீ. குழாயில் காற்றுக் குமிழி புகுந்து கோடு கன்னாபின்னாவென்று துள்ளினால், "வாய்க்கு ஏவறை வந்திட்டுது" என்று ஏப்பம் விடுவது போலக் காட்டுவாய். மின்வாய் என்று பாடப்புத்தகத்தில் எத்தனையோ தரம் படித்தவள் நான். அதுவும் ஒரு வாய்தான், அது தண்ணீரைச் சுவை பார்க்கிறது என்று உன்னோடு வேலை செய்தபோதுதான் எனக்குப் பட்டது.

நம் நாக்குக்கு அந்தச் சுவை தெரியாது. உப்புக் கரிக்காவிட்டால் அதற்கு நம் ஊர்களில் "நல்ல தண்ணி" என்று பேர். புளோரைட்டு கரிக்காது, கசக்காது, நிறமும் காட்டாது. நல்ல தண்ணிக் கிணறு என்று ஊரே அள்ளிக் குடிக்கும். அளவு மிஞ்சினால் அது வளர்கிற பல்லில் கறையாகவும் வயதானவர் எலும்பில் நோவாகவும்தான் தெரியவரும்.

உன் வீட்டுக் கிணறும் அப்படிப்பட்ட கிணறுதான். உன் வாப்பா தன் கையால் வெட்டியது. அந்தக் கிணற்றைத் திரும்பப் பார்க்காமலே புத்தளத்தில் அவர் மௌத்தானார். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீடு இருக்கவில்லை, பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்ததாம். உம்மா வீடு கட்டும் கதையைக்கூட எடுக்காமல் முதலில் கிணற்றை இறைப்பித்தார். ஊறிவந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, கிணற்றுக்கட்டில் குந்தி இருந்து அழுதார் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

அதனால்தான் உன் ஊர்ப் போத்தல்கள் வந்த அன்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் ஊசியை எடுத்தேன். சுற்றுக் கிணறுகளின் கோடெல்லாம் உயர எழும்பின. உன் வீட்டுக் கோடு மட்டும் அடக்கமாக எழும்பி அடக்கமாக இறங்கியது. நான் துள்ளினேன். நீ துள்ளவில்லை. திரும்பவும் விட்டுப் பார்த்தாய். அதே கோடு. உடனே உம்மாவுக்குப் போன் போட்டாய்.

"உம்மா, போத்தலுக்குத் தண்ணி எதுக்குள்ள இருந்து ஊத்தினீங்கள்?"

"ஏன் மகள், ஊத்தையா இருந்ததோ? நாலு படிச்ச ஆக்கள் பாக்கிற தண்ணி எண்டு புதுப்பானை வாங்கியெல்லோ ஊத்தி வைச்சனான். நாலைஞ்சு நாள் தெளியவிட்டு, வெள்ளைத் துணியால வடிச்சுத்தான் தந்தனான்."

நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று பெண்ணைச் சோடிப்பது போலத் தண்ணீரைச் சோடித்து அனுப்பியிருக்கிறார் உம்மா. நன்றாக வேகாத பானை மண் புளோரைட்டை இழுத்துக்கொள்ளும். சோடித்த கையோடு பானை பாதி விசத்தைக் குடித்துவிட்டது. நமக்குச் சிரிப்பும் வந்தது, அப்படியானால் கிணற்றில் எவ்வளவு இருக்கும் என்ற பயமும் வந்தது.

அடுத்த கிழமை நீயே போய் வாளியை விட்டு அள்ளிக்கொண்டு வந்தாய். ஊசியை என்னிடம் தரவில்லை. கோடு எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது. நீ நாக்கால் உன் முன்பல்லைத் தடவினாய்.

"எடியேய், புத்தளமில்லையடி" என்றாய்.

எனக்கு விளங்க நேரமெடுத்தது. பால்பல் விழுந்து இந்தப் பல் முளைத்தது புத்தளத்தில்தான். ஆனால் அது முரசுச் சதைக்குள் உருவானது நீ ஊரில் குழந்தையாக இருந்தபோது, அந்தக் கிணற்றைக் குடித்து. புத்தளத்தில் பிறந்த உன் தங்கச்சிக்குப் பல் பால்வெள்ளை. கண்ணுக்கு முன்னால் இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை வருசமும் உம்மா திட்டித் தீர்த்தது பாவம், வேறொரு தண்ணீரை.

"தனியப் போய்ச் சொல்ல எனக்கு ஏலாது. நீயும் வா" என்றாய். புளியங்குளம் வழியாகப் பஸ்ஸில் உன் ஊருக்குப் போனோம். கனகராயன்குளத்தில் ஏறிய கச்சான்கடலைக்காரரிடம் ஒரு கடதாசிச் சரை வாங்கி, உடைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாய். இறைச்சிக் கறியும் இடியப்பமுமாக உம்மா காத்திருந்தார். நான் கதிரையில் உட்காரமுன்னமே செம்பு நீட்டினார். "குடிச்சுப் பாருங்கோ மகள், சீனி போட்ட மாதிரி இருக்கும்." நான் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

நீ சுற்றி வளைக்கவில்லை. கிணற்றைச் சொன்னாய், பானையைச் சொன்னாய், பல்லைச் சொன்னாய். உம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நானோ? என்ர கையாலயோ உனக்கு ஊத்தினனான்?"

அப்போதுதான் நீ அதைச் செய்தாய். கையால் பொத்தாமல், வாயைப் பிளந்து, கோடு விழுந்த அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாய். "உம்மா, இந்தப் பல்லாலதான் உங்கட இறைச்சிக் கறியை எலும்போட கடிக்கிறன். இதுக்கென்ன குறை? இனி உங்கட எலும்பைப் பாப்பம்." உம்மா அழுதுகொண்டே சிரித்தார். நான் குசினிக்குள் போய் மூக்கைச் சீறிவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பைப் போல அழகான ஒன்றை நான் கண்டதில்லை, எடி. இருக்கும்போது சொல்லியிருந்தால் தலைக்கனம் ஏறியிருக்கும் உனக்கு.

பானையின் வேலையைத்தான் பிறகு பெரிதாகச் செய்வித்தாய். ஆள் உயரப் பைப்புக்குள் அரைவேக்காட்டுச் செங்கல்லை உடைத்து நிரப்பி, கிணற்றுத் தண்ணீரை அடியால் விட்டு, மேலே ஊறி வருவதைக் குழாயில் பிடிக்க வைத்தாய். கல் உறிஞ்சி உறிஞ்சிக் களைத்துப்போனால் மாற்ற வேண்டும். அதற்காக மாதாமாதம் போத்தல் வரும், நீ ஓட்டிப் பார்ப்பாய், "குடிக்கலாம் உம்மா" என்று போன் எடுப்பாய்.

நீ போன பிறகு போத்தல் வரவில்லை. துக்க வீடுதானே என்று விட்டிருந்தேன். போன மாதம் போய்ப் பார்த்தால் செங்கல் பைப் காய்ந்து கிடக்கிறது, குழாயில் எறும்பு. உம்மா கிணற்றில் அள்ளிக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"அவளுக்கு ஊத்தினதை நானும் குடிக்கிறன் மகள். அவளே போயிட்டாள், எனக்கென்னத்துக்கு வடிச்ச தண்ணி?"

முழங்கால் நோவில் அவர் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். இதற்காகவா நீ அந்தப் பாடு பட்டாய்? என் குணம் உனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வராது, கோபம்தான் வரும். கதிரையில் சம்மணம் கட்டி இருந்துகொண்டு சொன்னேன்: "உம்மா, எனக்குத் தண்ணி விடாய். குடிக்கத் தாங்கோ."

பழக்கத்தில் கை செம்பை எடுத்துவிட்டது. பானையில் அள்ளி என் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். மகளுக்கு ஊற்றிய அதே தண்ணீர் செம்பில் இருந்தது.

"பொறு மகள். பக்கத்து வீட்டில வடிச்ச தண்ணி வாங்கியாறன்."

"பக்கத்து வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம். உங்கட கிணத்துத் தண்ணிதான் வேணும். எனக்குத் தரக்கூடியதா ஆக்கித் தாங்கோ."

உம்மா செம்பைத் தென்னை அடியில் கவிழ்த்தார். பிறகு சுத்தியலைத் தேடினார். பின்னேரம் முழுக்க இருவரும் முற்றத்தில் இருந்து செங்கல் உடைத்துப் பைப்பில் நிரப்பினோம். "உன்ர கை மீன் வெட்டத்தான் சரி" என்று என்னை ஏசினார். அப்படியே உன் வாய்தான். புதுக்கல்லில் ஊறும் தண்ணீரை இன்னும் ஓட்டிப் பார்க்காததால், தாகம் தீராமல் அதே விடாயோடுதான் நான் பஸ் ஏறினேன்.

நேற்று அந்தத் தண்ணீர் பஸ்ஸில் வந்தது. அதற்காகத்தான் இன்று கரைசல் கலக்கினேன். ஊசியால் துளியை விட்டேன். கோடு சிறிதாக எழும்பி இறங்கியது. புதுப்பானை ஏதும் இடையில் புகுந்ததோ என்று போன் எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். உம்மா கோபித்துக்கொண்டார். குழாயில் நேரே பிடித்ததாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சாட்சியாம்.

"நீ சொல்லுமட்டும் நான் அதில வாய் வைக்கேல்லை. இனியும் மாசாமாசம் நீ பாத்துச் சொன்னால்தான் குடிப்பன், சொல்லிப்போட்டன்" என்றார். ஓம் என்றேன். இந்த வேலையை விட்டுப் போவதானால் இனி உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"அப்ப குடிக்கட்டோ மகள்?"

"குடியுங்கோ உம்மா."

போனை வைக்காமலே குடித்தார். ஒவ்வொரு மிடறும் எனக்குக் கேட்டது.