பதினோராவது தொப்பி

குட்டியின் அப்பாவுக்கு,

"பிறந்தநாளுக்குப் பெரிய ஹால் எடுக்கலாம்டா, மேஜிக் மாமாவைக் கூப்பிடலாம்" என்று குழந்தையிடம் போனில் அள்ளிவிட்டுவிட்டு, நீங்கள் பாட்டுக்கு வைத்துவிட்டீர்கள். மறுநாளே அவள் வகுப்பு முழுக்கச் சொல்லியாயிற்று. இப்போது பதில் சொல்வது யார்? நான்தான்.

ஹால் இந்த முன்னறைதான். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டால் பத்துப் பிள்ளைகள் உட்காரலாம். கேக்கைக் குக்கரில் வெயிட் போடாமல் நானே செய்துவிடுவேன். மேஜிக் மாமாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்களுக்காக இது எத்தனையாவது பொய் என்று எனக்கே நினைவில்லை.

தையல் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்துத் தொப்பிகள் தைத்தேன். உங்கள் மகள் எண்ணிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு எங்கம்மா?"

"அவருக்கு வேலை இருக்கும்டி."

"போன வருஷமும் நீ அதான் சொன்னே. இந்தத் தடவை வர்றேன்னு அவரே சொன்னாரு."

வந்த ஆத்திரத்தில் மறுபடி மெஷினில் உட்கார்ந்து அதையும் தைத்துப் போட்டேன். முடித்த பிறகுதான் கவனித்தேன், டேப்பைத் தொடவே இல்லை. நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வருஷமாகியும் உங்கள் தலையளவு என் கைக்கு மறக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. வெறுங்கையோடு வந்தால் போதும். வரமுடியாதென்றால் நீங்களே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கும் காய்ச்சல் என்று நான் சொல்லமாட்டேன்.

குட்டியின் அம்மா