டிக்கிக்குள் பூட்டிய பேட்டரி

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியாயிற்று. விரல் நுனியில் அந்தப் புளித்த வாடை இன்னும் போகவில்லை. இதே கையோடு ராத்திரி செபமாலையை எடுத்தால் மணிகளிலும் ஏறிக்கொள்ளும். எல்லாம் உங்கள் பேட்டரியின் வேலை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. என்னை எரிச்சல்படுத்துவதை மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

ஊரில் எல்லார் காருக்கும் பேட்டரி முன்னால் இருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் கண்ணுக்குத் தெரியும். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று நீங்கள் வாங்கி வந்த, கூரையை மடித்துவிடுகிற அந்தப் பழைய காருக்கும் அப்படித்தான் இருந்தது. நாமகிரிப்பேட்டையில் ஒரு சித்திரை வெயில் கல்யாணம் வந்தது வினை. பேண்டு செட்டுக்குப் பின்னால் அடிமேல் அடியாக ஊர்ந்ததில் எஞ்சின் கொதித்து, பக்கத்திலிருந்த பேட்டரியும் கொதித்து, மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கார் நின்றுவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, மச்சான்மார் நான்கு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். "இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள மாப்பிள்ளைய தள்ளு வண்டி ஆக்கிப்புட்டீங்களே!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். நீங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தீர்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானரோடு நின்றீர்கள்.

"ஏனுங்க, இன்னைக்கு ஓய்வு நாளுங்க."

"பேட்டரிக்கு ஓய்வு குடுக்கத்தான் புள்ள பின்னால கொண்டு போறேன்."

மடித்த கூரை பாதி டிக்கியை விழுங்கியிருந்தது. மிச்சமிருந்த வலது மூலையில் பலகைப் பெட்டி அடித்துப் பேட்டரியை இறக்கினீர்கள். அங்கிருந்து விரல் தடிமன் சிவப்பு ஒயரைப் பின்சீட்டுக்கு அடியில் விட்டு, கால்மிதிக்கு அடியில் இழுத்து, முன்னால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரில் கொண்டுபோய் முடுக்கினீர்கள். அதுவரைக்கும் டார்ச் பிடித்தது நான். "அங்க காட்டு, இங்க காட்டு, எங்க புள்ள பாக்கறே?" என்று திட்டு வாங்கியதும் நான். பேட்டரியோடு வந்த தாளை அகராதி வைத்துப் படித்து, "மூடுன எடத்துல வெச்சா காத்துப் போகோணுமாமுங்க, ஒரு ரப்பர் குழாய் போட்டு வெளிய விடுங்க" என்றேன். "இதுக்கு மூக்கு வேற வேணுமாக்கும்" என்று சிரித்தீர்கள். ஆனாலும் குழாய் போட்டீர்கள். அது என் யோசனை என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாராவது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று டிக்கிக்குக் கரண்டுப் பூட்டு மாட்டினீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்ச். அமுக்கினால் 'டக்'கென்று திறந்துகொள்ளும். என் மண்டைக்கு அப்போதே உறைத்தது.

"ஏனுங்க, பேட்டரி தீந்துபோச்சுன்னா டிக்கிய எப்படித் தொறக்கறது? பேட்டரி உள்ள இருக்குதே?"

"அதுக்குச் சாவி ஒண்ணு இருக்குது. பத்திரமா வெச்சிருக்கேன், நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது என்ன தெரியுமா? "வாரம் ஒருக்கா வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் ஓட உடு." இருபத்தேழு வருடம் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். இன்னொரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தக் கோபத்தில் காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியவள்தான், அந்தப் பக்கமே போகவில்லை. கணக்கு நோட்டில் காருக்கென்று இருக்கும் பக்கத்தில், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதோடு எழுத்து நின்றுபோய்விட்டது. எட்டு மாதம் வெறும் தாள்.

அப்புறம் ஜெசிந்தா கல்யாணம் வந்தது. "அப்பா கார்லதான் கோயிலுக்குப் போவேன். இல்லீனா நடந்தே வாரேன், யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் உங்கள் மகள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நீங்கள் கொடுத்த வாக்கு. கை பிடித்துக் கூட்டிப் போக நீங்கள் இல்லை, காராவது வேண்டும் அவளுக்கு. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தார்ப்பாயை எடுத்தேன். சாவியைத் திருப்பினால் உயிரே இல்லை. டிக்கி சுவிட்ச் செத்துக் கிடந்தது. நீங்கள் பத்திரமாக வைத்த அந்த டிக்கிச் சாவியைப் பீரோ, பரண், மாதா சுரூபத்துக்குப் பின்னால், பழைய செருப்புப் பெட்டி என்று ஓரிடம் விடாமல் தேடினேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் புனித அந்தோணியாரிடமும் மன்றாடினேன். அவரும் கைவிரித்துவிட்டார்.

லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் முருகேசண்ணன் ஒரு பேட்டரியோடு வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, லாரிக்குக்கூடப் பேட்டரி வெளியதான் இருக்குது. இவரு பீரோவுல வெச்சுப் பூட்டுனாப்பல பூட்டிப்புட்டாரே! அறுத்துத்தான் தொறக்கோணுமுங்க."

அறுத்தால் தகடு கிழியும், பெயின்ட் போகும், மூன்று நாளில் ஆகாது. ஜெசிந்தா வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். எனக்கு டார்ச் ஞாபகம் வந்தது.

"அறுக்க வேண்டாமுங்கண்ணா. டிக்கியிலிருந்து வார செவப்பு ஒயரு முன்னால செல்ஃப் மோட்டார்லதான் முடியுது. உங்க பேட்டரிய அந்த முனையில குடுங்க. எர்த்த எஞ்சின்ல குடுங்க. கரண்டு திரும்பிப் போகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"டார்ச் புடிச்சவளுங்க."

அவர் கொடுத்தார். நான் சுவிட்சை அமுக்கினேன். 'டக்.'

டிக்கியைத் தூக்கினோம். புளித்த வாடை, எந்த மாப்பிள்ளையுடையதோ ஒரு காய்ந்த மாலை, என் ரப்பர் குழாய். பலகைப் பெட்டியின் ஆணியில், கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது டிக்கிச் சாவி.

முருகேசண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பத்திரமாத்தான் வெச்சிருக்காரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது, அதோடு மற்றதும் வந்தது. ஜெசிந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

புதுப் பேட்டரி வாங்கினோம். "பழையபடி முன்னாலயே மாத்திரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேண்டு செட்டுக்குப் பின்னால் வெயிலில் ஊர வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணக்கு சரிதான். கூரையை மடித்துவிட்டு முருகேசண்ணனே ஓட்டினார். கோயில் வாசல் வரைக்கும் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

பேட்டரி தானாகச் சாகவில்லை. நான்தான் சாகவிட்டேன். நீங்கள் சொன்னதைச் செய்திருந்தால் இத்தனை பாடு இல்லை. இதை உங்களிடம் ஒத்துக்கொள்வதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சாவி இப்போது என் கொத்தில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் காலையில் செபமாலை முடித்து, பேட்டரித் தண்ணீர் பார்த்து, நோட்டில் எழுதி, காரை ஸ்டார்ட் செய்கிறேன். ஓட்டத் தெரியாது. அதனால் எஞ்சினை ஓடவிட்டு, இடப்பக்கம் என் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங் பக்கம் பார்த்து உங்களைத் திட்டுகிறேன். பத்து நிமிடம் போதும் என்றீர்கள். எனக்குப் போதவில்லை, இன்று அரை மணி நேரம் ஓடியது.