இல்யாஸின் வீடியோவில் நான் போட்ட கீறல்கள்

அன்புத் தம்பி இல்யாஸ்,

உன் கபுறடியில், அந்த மண்மேட்டின் முன் நின்று ஸலாம் சொன்னபின் எனக்கு வேறு பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினால் திருத்திக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். என்னை உனக்குத் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. சண்டை முடிந்துவிட்டது. அறுகம்பே போகிற பஸ்ஸை முன்னைப்போல் இடத்துக்கு இடம் மறித்து ஆட்களை இறக்குவதில்லை. உன் ஸ்டூடியோ இருந்த வளவில் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நான், கொம்பியூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டப் பழகியிருக்கிறேன். சிரிக்காதே.

சுனாமிக்குச் சில மாதம் முன்பு, கலியாண வேலைக்கென்று நீ வாங்கிய டிஜிட்டல் கெமராவை என் கையில் தந்துவிட்டு, ஸ்டூடியோ வாசலில் நின்று பிளேன்டீ குடித்தாய். நான் நாலு நிமிடம் எடுத்தேன். போட்டுப் பார்த்த நீ சொன்னாய்: "காக்கா, இதுல ஆள் ஆளா இரிக்கான், வெளிச்சம்தான் வெளிச்சமா இல்ல. ரீல்ல வெள்ளை மெதுவாக் கரையும். இதுல கத்தியால வெட்டின மாதிரி நிக்கிது."

அந்த டேப் என் மேசை லாச்சிக்குள் கிடந்ததால் தப்பியது. உன் உடலைத் திருப்பித் தந்த கடல், உன் இரும்புப் பெட்டியைத் தரவேயில்லை. ஐந்து வயதில் காய்ச்சலில் மௌத்தான உன் மகன் நஸீரின் படங்களும், நீ அவனை எடுத்த ஒரே ரீலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

போன மாதம் உன் மகள் பர்ஹானா வந்தாள். "பெரியவாப்பா, வாப்பாட வீடியோவ ரீல் மாதிரி ஆக்கித் தாங்களேன். அவருக்கு அதுதானே விருப்பம்" என்றாள்.

கொப்பியில் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்தேன். ரீலில் ஓடுவதுபோல வினாடிக்கு இருபத்து நான்கு படமாக மாற்றினேன். கூர்மையைக் குறைத்தேன். உன் சட்டையில் விழுந்த வெயிலின் வெள்ளையை இயன்றவரை கரைத்தேன். மணல் போன்ற பொடிப் புள்ளிகளை மெல்லப் பரப்பினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ரீல் போல ஆகிவிட்டது என்ற நம்பிக்கை போதவில்லை. கீறல், தூசி, நடுக்கம் எல்லாம் மென்பொருளில் ஆயத்தமாக இருந்தன. அவற்றையும் போட்டேன்.

உன் வீட்டு டீவியில் போட்டுக் காட்டியபோது பர்ஹானா குசினிக்குள் இருந்தாள். உன் மனைவி ஸபியா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"இது அவர்ட ரீல்தானே? கடலுக்குள்ள கிடந்ததா? எங்க கெடச்ச காக்கா?"

நான் வாய் திறக்குமுன் அடுத்ததையும் கேட்டாள். "அப்ப நஸீர்ட ரீலும் இரிக்குமா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அவள் முகம் வாடிவிடுமே என்ற பயத்தில், "பார்ப்பம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் பர்ஹானா தொலைபேசியில் அழைத்தாள். "பெரியவாப்பா, உம்மாக்கு என்ன சொன்ன நீங்க? காலையில இருந்து கடற்கரையில மீன்காரர்ட ஓலை வாடி வாடியாப் போய், இரும்புப் பெட்டி ஒண்டு கண்டீங்களா எண்டு கேட்டுத் திரியிறா."

உடனே போனேன். ஸபியா அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: எந்த ரீலும் கிடைக்கவில்லை, அது என் கையால் எடுத்த வீடியோ.

"அப்ப அந்தக் கோடெல்லாம்?"

"நான் போட்டது."

"என்னத்துக்கு?"

"ரீல் மாதிரி இரிக்கட்டும் எண்டுதான்."

"எத்தின புள்ளையளுக்குப் படிச்சிக் குடுத்த மனிசன். இல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அந்தக் கோட்டயெல்லாம் அழிச்சிட்டுத் தாங்க காக்கா. அவர் ரீல ஊதி ஊதித் துணியால துடைக்கிற மனிசன். ஒரு கீறல் விழ விட்டிருப்பாரா?"

படச்சுருளுக்குப் பட்ட காயத்தைப் படச்சுருள் என்றே எண்ணிவிட்டேன், தம்பி. நீ தேடியது வெளிச்சம் அல்லவா?

கீறல்களை எடுத்துவிட்டேன். கரைந்த வெயிலோடு நீ மட்டும் நிற்கிறாய். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, ஸபியா இரண்டு தடவை பார்த்தாள். பிறகு, கேட்காமலே, நஸீரின் ரீலைச் சொல்லத் தொடங்கினாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஓடி வருவானாம். கெமராவைத் தொடக் கை நீட்டுவானாம். மஞ்சள் சட்டையாம்.

நீ எடுத்தது கறுப்பு வெள்ளை ரீல். அதை நான் உன் வீட்டுச் சுவரில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஆனாலும் அவளைத் திருத்தப் போகவில்லை. இம்முறை பயத்தால் அல்ல. அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள். கொப்பியை எடுத்து, மஞ்சள் என்று எழுதிக்கொண்டேன்.

இன்னும் சொல்ல இருக்கிறதாம். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு போய், அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன். என் பங்குக்கு ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறக்காத காக்கா,
பர்ஹானாவுக்கும் நஸீருக்கும் பெரியவாப்பா.