சீர்த்தட்டில் வந்த பொம்மை

போடிமெட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோன வருஷம், மச்சான். கீழே சந்தைக்குப் போக வழியில்லாமல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அத்தனை வீடும் காந்தலூர் உருளைக்கிழங்கையே தின்று கிடந்தோமே, அந்த வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷங்களை இப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

அவள் தன் குழந்தைக்கு வாங்கி வந்த பொம்மைதான் இன்று உன்னை நினைவுக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் பொம்மை. ஒரு கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே வெள்ளிபோல் மின்னுகிறது, செயற்கைக் கால். கடையில் அப்படியே விற்கிறார்களாம். குழந்தை அந்தக் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சட்டையில் பை இல்லையே என்றுதான் குறைப்பட்டது.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பியிருந்தது. யாராவது வந்தால் பாவாடையை இழுத்து மூடிச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். ஆள் பார்க்க எழுந்து நடக்கமாட்டாள். நானோ உன் தங்கையோதான் தூக்கிக்கொண்டு போவோம். வளர்ந்தும் இப்படி ஒளிந்தே இருந்துவிடுவாளோ என்பதுதான் எங்கள் பயம்.

காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் எடுத்துச் சித்திரபுரத்திலிருந்து வந்தாய். தட்டில் பட்டுப்பாவாடை, தேங்காய், பழம்; நடுவில் ஒரு மரப்பொம்மை. தேயிலைப் பெட்டிக்குப் பெயர் அடிக்கிற கறுப்பு மையில் தலைமுடி. ஒரு கால் குட்டை, குச்சி போல.

“என்ன மச்சான், அளவு பிசகிருச்சா?” என்றேன்.

“பிசகல மாப்ள. பாப்பா காலைப் பாத்துத்தான் செதுக்குனேன்.”

மகள் அதை மடியில் வைத்து அந்தக் குட்டைக் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆசாரி காது குத்தும்போதுதான் கீழே வைத்தாள். அழுகை நின்று பார்த்தால் பொம்மை இல்லை. பக்கத்து வீட்டு மாரியக்கா கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். கால் குணமாக ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு செய்த உருவம் என்றே நினைத்துவிட்டாள். நம் சனம் கைகால் செய்து வைப்பது அதற்குத்தானே!

மகள் எழுந்தாள். நான் தூக்கப் போனேன். நீ என் தோளை அழுத்தினாய்.

“விடு மாப்ள. அவ போவா.”

விருந்துக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்த்தது. காலில் தடுக்கிய பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, கோயில் படி ஏறினாள். நாம் பின்னால் போனோம்.

“ஆத்தாளுக்கு வச்சதத் திருப்பிக் கேக்கக் கூடாது தாயி. ஒங்காலு நல்லாவட்டும்னுதான வச்சிருக்கு?” என்றார் பூசாரி.

“அதுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. அது அப்படித்தான். குடுங்க.”

பூசாரி உன்னைப் பார்த்தார். நீ மேலே பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் சிரித்துவிட்டு, பொம்மை நெற்றியில் திருநீறு பூசிக் கொடுத்தார்.

“ஆத்தாகிட்டயே வழக்காடுறா பாரு! மாமனுக்கு ஏத்த மருமகதான்” என்று மாரியக்கா முகவாயில் கை வைத்தாள்.

பொம்மையைப் பார்க்கப் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கே வர ஆரம்பித்தார்கள். நீ அடுத்த தடவை வந்தபோது எத்துப்பல் பெண் ஒருத்தி, “மாமா, எனக்கும் என்னய மாதிரியே ஒண்ணு, பல்லோட” என்று உன்னைப் பிடித்துக்கொண்டாள். அதையும் செய்து கொடுத்தாய்.

உனக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மச்சானிடம் யார் சொல்வார்கள்? இப்போது சொல்கிறேன். என் தோளில் நீ வைத்த கை இன்னும் அங்கேயே இருக்கிறது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யார் விழுந்து எழுந்தாலும் நான் ஓடிப்போய்த் தூக்குவதில்லை.

ஆசாரி இல்லை, பூசாரி இல்லை, மாரியக்கா இல்லை. உன் தங்கை போனாள், பின்னால் நீயும். அன்று அந்தப் படியில் நின்றவர்களில் என்னோடு மிச்சம் ஒருத்திதான். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, இதோ மேட்டில் ஏறி வருகிறாள், உன் மருமகள் பேச்சியம்மாள்.