மூன்றாவது கூவலுக்கு எழாத கரடி

அன்புள்ள சிக்னிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வாசலில் பனி விழுந்தால் தள்ளுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த நாளில் உன்னால் வரமுடியவில்லையே என்று போனில் அழுதாய். ஏழு மாத வயிற்றோடு நியூசிலாந்திலிருந்து விஸ்கான்சின் வரைக்கும் விமானத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான், அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பா ஹாலோவீன் மாறுவேஷ விருந்தில் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் அன்றைக்கு உன்னிடம் சொன்னேன், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். மீதியை இப்போது எழுதுகிறேன்.

செப்டம்பர் பிறந்தால் உன் அப்பாவும் அவர் பால்ய சிநேகிதர் வெண்டலும் நம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இந்த வருஷம் என்ன வேஷம் என்று சண்டை போடுவது உனக்குத் தெரியாததா? சலவைக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு அப்பா கார்ட்டூன் நத்தையாகப் போனதும், நத்தை வேகத் தபால் என்று வெண்டல் அதன் மேல் தபால் பையை மாட்டிவிட்டதும் நீ பார்த்ததுதான். இந்தத் தடவை வெண்டலுக்கு விண்வெளிப் படத்து வீரர்களாகப் போக ஆசை, உடம்பு முழுக்க வெள்ளித்தாள் சுற்றிக்கொள்ளலாம் என்றார். நம்ம வயசுக்கும் தொப்பைக்கும் அதைச் சுத்தினா தாள் சுத்தி அடுப்புல சுடுற உருளைக்கிழங்கு மாதிரிதான்டா இருப்போம் என்றார் அப்பா. பழைய ஊமைப்படத்துத் திருடர்கள் என்றார்கள், மீசை ஒட்டினால் அரிக்கும் என்று அதையும் விட்டார்கள். கடைசியில் சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பார்த்த கார்ட்டூனில் வரும் காவல்காரக் கரடியும் சேவலும்தான் என்று முடிவானது. சேவல் காதுக்குப் பக்கத்தில் கூவினால் கரடி பலகை மாதிரி மல்லாந்து விழும், மூன்றாவது கூவலுக்கு எழுந்து துரத்தும், கதை அவ்வளவுதான். பழுப்புக் கம்பளியை வெட்டி நான்தான் கரடிக்குத் தைத்தேன். முகத்தை மூடாதே, நான் பண்ற சேஷ்டை தெரியணும் என்று அப்பா சொன்னதால் முகத்தைத் திறந்தே விட்டேன். வெண்டலின் கொண்டைக்கு அவர் மனைவி ஆர்டித் பாத்திரம் கழுவும் சிவப்புக் கையுறையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள். பெண்டாட்டி கையுறையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிற முதல் புருஷன் நீதான் என்று அப்பா அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தார்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில்தான் எப்போதும் போல விருந்து. நான் உள்ளே சமையலறையில் பீன்ஸ் குழம்பைச் சூடு செய்துகொண்டிருந்தேன். சேவல் கூவுகிற சத்தம் கேட்டது, தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது, கூடமே சிரித்தது. உன் அப்பா அசத்துகிறார் என்று எனக்கும் சந்தோஷம். வெண்டல் இரண்டாவது தடவை கூவினார், சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. மூன்றாவது கூவினார். அதற்கும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் நான் கரண்டியோடு வெளியே வந்தேன். வெண்டல் சேவல் வேஷத்தோடு தரையில் மண்டியிட்டு, ஹார்லன், எந்திரிடா, போதும்டா என்று உன் அப்பாவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் நான் தைத்ததைக் கத்தரிக்கோலால் நெஞ்சு வரை வெட்டினார்கள். நல்ல தையல், சீக்கிரம் வெட்டுப்படவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரி டாக்டர் அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், தரையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்டதம்மா, பக்கத்தில் நானே நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. நான் தலையாட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. யார் மேலும் கோபம் இல்லை சிக்னி, சொல்வதற்கு வாய் எழவில்லை, அவ்வளவுதான். அடக்கத்தன்று வெண்டல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுக் கை கொடுக்காமல் போனார். அப்புறம் இந்தப் பக்கமே இல்லை. ஒருநாள் ஆர்டித் என்னைக் கடையில் பார்த்து, அவர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் லோர்னா, சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்க மாட்டேன் என்கிறார் என்றாள். அப்போதும் நான் முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்தார். காபி ஊற்றி, ஆப்பிள் கேக் வைத்தேன், தொடவில்லை. விழறதுக்கு முன்னாடி அவன் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சான் லோர்னா, அதனாலதான் விளையாடுறான்னு நினைச்சேன், அதனாலதான் மறுபடி மறுபடி கூவினேன், அவன் உயிர் போயிட்டிருக்கு, நான் கூவிட்டு நிக்கிறேன் என்றார். அப்போதுதான் டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். உங்களுக்கு எப்பத் தெரியும் என்று கேட்டார். அன்னைக்கே தெரியும் என்றேன். ஏன் சொல்லல என்று அவர் கேட்கவில்லை. தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார், பெரிய சத்தமாக. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வதைப் பார்க்கிற மாதிரி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினேன், வாங்கித் துடைத்துக்கொண்டார். பிறகு கேக்கைச் சாப்பிட்டார், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நானும் ஒரு தடவை கண்ணடித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்தேதான் மூடுகிறது.

பிள்ளை கை கால் சுகத்தோடு வந்து சேரட்டும், நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசோடு இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, தண்ணீரில் விழுங்கு. உயரமான பலகையில் இருப்பதை எட்டி எடுக்காதே, மாப்பிள்ளையை எடுக்கச் சொல்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
லோர்னா