செல்லோடேப் ஒட்டிய கல்யாணக் கேசட்

இன்று கொட்டாரம் ஊரிலிருந்து ஒருவர் பழைய வீடியோ கேசட் ஒன்றைக் கொண்டுவந்து, பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். பதிவு அழியாமலிருக்க ஒடித்துவிட்ட பிளாஸ்டிக் தகட்டின் ஓட்டையை, மறுபடி பதிவு செய்வதற்காக யாரோ செல்லோடேப்பால் மூடியிருந்தார்கள். உன் புத்திதான். ஆளில்லாத கடையில் உன்னைத் திட்டிக்கொண்டே சிரித்தேன்.

உன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவை நாம் இருவரும் தோள் மாற்றிச் சுமந்து பழகினோம். சொல்லித்தர ஆளில்லை. அருமனையில் உங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைத்தான் முதலில் எடுத்தோம். எல்லாம் நீலமாகத் தெரிந்தது. "டிவி கேடு" என்று தீர்ப்பு சொன்னாய். முதலில் வெள்ளைத் தாளைக் காட்டி நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க நமக்கு ஒரு வாரம் ஆனது.

பிறகு அந்தச் சர்ச் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்குச் சவுதியில் லீவு கிடைக்கவில்லை. மறுநாள் விமானம் ஏறும் உறவினர் கையில் கேசட்டைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு டெக்கை இணைத்து எடிட் செய்யும்போது, கல்யாணக் கேசட்டை ஓடவேண்டிய டெக்கில் போடாமல் பதிவாகும் டெக்கில் போட்டுவிட்டேன். அதுவும் நீ செல்லோடேப் ஒட்டிய பழைய கேசட். படம் எடுத்ததும் நான் அதை உரித்திருக்க வேண்டும். தாலி கட்டு இருந்த இடத்தில், மற்ற கேசட்டில் முன்பே இருந்த கடியப்பட்டணத்து வாலிபால் ஆட்டம் ஓடியது.

"எதாவது சொல்லிச் சமாளிப்போம்" என்றேன். நீ செருப்பை மாட்டினாய். "ஏட்டி, மறைச்சா அந்த மனுசன் கேசட்டப் போட்டுட்டுத் தேடுவாருல்லா? வா, போய்ச் சொல்லுவோம்."

பெண் வீட்டில் என் நாக்கு எழவில்லை. நீயே சொன்னாய், தப்பு இரண்டு பேருடையது என்றும் சொன்னாய். பெண்ணின் அம்மா கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேமராவ இப்பிடித் திருப்பு மக்கா. நான் பாத்தேன்லா, நானே அவியளுக்குச் சொல்லுகேன்."

கேமராவைப் பார்த்துத் தன் கணவரிடம் பேசினார். "தாலி கட்டும்போ ஒங்க மொவ ஒங்களத்தான் தேடுனா. நான் கையப் புடிச்சுக்கிட்டேன். அவ அழல்ல, கேட்டியளா." அழாதது மகள் மட்டும்தான். வாலிபால் ஓடிய இடத்தில் அதைச் சேர்த்து அனுப்பினோம். அந்த இடத்தை மட்டும் தினமும் ஓட்டிப் பார்ப்பதாகவும், அறையில் இருப்பவர்கள் எல்லாரும் கூட வந்து உட்காருவதாகவும் பெண்ணின் அப்பா சவுதியிலிருந்து கடிதம் எழுதினார்.

அதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும், வர முடியாமல் போனவருக்காக யாரையாவது பேச வைக்காமல் நான் கேமராவை மூடியதில்லை. தப்பு செய்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். இப்போது நாக்கு எழுகிறது.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம். போன மாதம் உன் மகளுக்குக் கல்யாணம்; நான்தான் எடுத்தேன். எல்லாம் முடிந்து விளக்குகளை அணைக்கப் போனேன். பட்டுச்சேலையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"சித்தி, ஆஃப் பண்ணாதீங்க. அம்மைக்கி எல்லாஞ் சொல்லணும்."

இருபது நிமிடம் பேசினாள். சாப்பாட்டில் உப்பு கூடியதுவரை சொன்னாள். எடிட் செய்ய உட்கார்ந்தபோது, அதில் ஒரு நொடியைக்கூட நான் வெட்டவில்லை.